சகாயம் விஷயத்துல நீ போடப்போற கையெழுத்து

அதுக்காக நீ போன கட் பண்ணிட்டா நான் வாய மூடிக்கினு இருந்துடுவேன்னு நெனைக்காத தினேசு. நாலு தடவ பண்ணேன், நாலு தடவையும் "அம்மா, அப்புறம் பேசறேன்"னு வெச்சிட்ட. அப்புறம்னா எப்ப? திங்கக்கெழம சென்னையில ஏஜெண்டு ஆபீசுல அந்த பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டு, புதங்கெழம ஏரோப்ளேன் ஏறி, போய்ச் சேந்துட்டு ஹலோன்னுவியே, அப்பவா? அதனாலதான் எழுதறேன். எட்டாவது படிச்சவ, எழுத்து கோணலாத்தான் இருக்கும். படி. பக்கத்து வூட்டு கௌசல்யா இத போட்டோ புடிச்சி உனக்கு அனுப்புவா. உனக்கு மட்டுமில்ல. உன் கூட கப்பல்ல இருந்த பசங்க வூட்டுக்காரங்க எல்லாம் ஒரு குரூப்பு வெச்சிருக்கோமே, அதுலயும் போடச் சொல்லியிருக்கேன். உங்க அஞ்சு பேரோட அம்மா அப்பாவும் படிக்கட்டும். மானம் போவுதுன்னு உனக்குத் தோணினா போவட்டும். போறதுக்கு நம்மகிட்ட இன்னும் மீதி இருக்குதான்னுதான் நானும் நாலு நாளா யோசிச்சிக்கினு இருக்கேன்.

உங்கப்பாவுக்கு நீ அனுப்பிச்ச அந்த பேப்பர் போட்டோவ கௌசல்யாகிட்ட குடுத்து படிக்கச் சொன்னேன். திண்டிவனம் காலேஜில இங்கிலீஷ் படிச்ச பொண்ணு, வரிவரியா தமிழ்ல சொன்னா. சகாயம் யாரும் சொல்லாம தானாவே கப்பல் அடியில இருக்கற டேங்குக்குள்ள எறங்கினானாம். உள்ள காத்து நல்லா இருக்குதான்னு பாக்கற மிஷினு வேல செஞ்சிக்கினுதான் இருந்துச்சாம், அவன் அத எடுத்துக்கினு போவலியாம். அன்னிக்கி அவன் மேல சாராய வாட வந்துச்சாம். இதெல்லாம் நான் என் கண்ணால பாத்தேன், இப்படிக்கு தினேஷ்குமார்னு கீழ உன் பேரு அச்சடிச்சி, கையெழுத்துக்கு ஒரு கோடு உட்டிருக்காங்க. கௌசல்யா படிச்சி முடிச்சிட்டு என் மூஞ்சிய பாக்கவே இல்ல. "அத்த, அண்ணன் இதுல போடப்போறாரா"ன்னு கேட்டா. மல்லாட்டை உரிச்சிக்கினு இருந்தேன், மொறத்த கீழ வெச்சிட்டு உள்ள போயிட்டேன்.

ஏன்னா நீ எனக்குச் சொன்னது வேற. சகாயம் செத்து மூணு நாளு கழிச்சி, உங்க எல்லார் போனையும் வாங்கி வெச்சிருந்த கேப்டன் திருப்பிக் குடுத்த அப்புறம், நீ பண்ணியே, ஞாபகம் இருக்குதா? "அம்மா, சகாயம் போயிட்டான்மா, கவுறு என் கையிலதாம்மா இருந்துச்சி"ன்ன. அந்த மிஷினு ரெண்டு மாசமா செத்துக் கெடந்துச்சி, சொல்லியும் யாரும் மாத்தல, பெரிய ஆபீசரு ஒருத்தரு வந்து "ஜல்தி, ஜல்தி, நாளைக்கி செக்கிங் வராங்க, சேத்த வாரு"ன்னு அவன எறக்கிட்டாருன்ன. எறங்கி அஞ்சாவது படியில அவன் தலைய நிமித்தி உன்னப் பாத்தான், அப்புறம் கை உட்டுடுச்சின்ன. நீ பின்னாடியே எறங்கப் போனியாம், சத்தம் கேட்டு ஓடியாந்த ரெண்டு பேரு உன்ன புடிச்சி இழுத்தாங்களாம். சாராயம்னு நீ ஒரு வார்த்த சொன்னியா? அந்தக் கப்பல்ல குடிக்கற தண்ணியவே அளந்து ஊத்தறாங்கன்னு பொலம்பினவன் நீ. அதுல சாராயம் எந்தக் கொழாயில வந்துச்சி?

அந்த சேதிய எடுத்துக்கினு சகாயம் ஊரு பெருமுக்கலுக்குப் போனவ நானு. கம்பெனிக்காரன் போவல, ஏஜெண்டு போவல. ஷேர் ஆட்டோவுல போயி, எறங்கி நடந்தேன். சகாயம் பொண்டாட்டி லூர்து கொழந்தைக்கு தல வாரிக்கினு இருந்தா. என்னப் பாத்ததும் "வாங்கம்மா, இன்னா இவ்ளோ தூரம், உங்க புள்ள பேசனாரா, எங்க ஊட்டுக்காரரு மூணு நாளா பேசவே இல்ல"ன்னு சிரிச்சிக்கினே கேட்டா. நான் எப்பிடிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. சீப்பு கொழந்த தலையிலயே மாட்டிக்கினு நின்னுச்சி, அது மட்டும்தான் ஞாபகம். பொட்டி வர மூணு வாரம் ஆச்சி. சீல் வெச்ச பொட்டி. தெறக்கக் கூடாதுன்னாங்க. லூர்து அது மேல கைய வெச்சிக்கினு, "உள்ள இருக்கறது அவருதான்னு நான் எப்பிடி நம்பறது"ன்னு கேட்டா. யாருகிட்ட கேட்டான்றியா? அங்க இருந்த எல்லார்கிட்டயும்தான். ஏஜெண்டுதான் பதில் சொன்னான், "பேப்பர் இருக்குதும்மா"ன்னு.

இந்த ஏஜெண்ட நம்ம வூட்டுக்குள்ள உட்டது நானு. அந்தக் கோவம் எனக்கு என் மேலயே இருக்குது. நெத்தி நெறைய விபூதி, கழுத்துல ருத்ராட்சம், கையில பழம். வந்ததும் "அம்மா, நானும் கிருத்திக விரதம்தான், வெறும் பாலு போதும்"னான். அதுலயே நான் உழுந்துட்டேன். உங்கப்பா கம்பெனி பேரு கேட்டாரு, நான் அவர அதட்டினேன், "விரதம் இருக்கற மனுசன்கிட்ட இன்னாத்துக்கு போலீசு மாதிரி கேக்கற"ன்னு. விபூதி பூசனவனெல்லாம் பொய் சொல்ல மாட்டான்னு அம்பத்தி நாலு வயசு வரைக்கும் நம்பிக்கினு இருந்திருக்கேன் பாரு.

இப்ப அவன் செஞ்ச காரியத்துக்கு வரேன். நீங்க அஞ்சு பேரும் திரும்பி வந்த அன்னிக்கி, நேரா வூட்டுக்கு வராம மயிலத்துக்கு கூட்டிக்கினு போனான். உயிரோட வந்ததுக்கு முருகனுக்கு நன்றி சொல்லிட்டுப் போவலாம்னு சொன்னானாம். மலைக்கு கீழ வேன நிறுத்தி, வெத்தலையில கற்பூரம் கொளுத்தி, "கப்பல்ல நடந்தது நம்ம அஞ்சு பேருக்குள்ள, வெளி ஆளுக்கு வாயத் தெறக்க மாட்டேன், கம்பெனி சொல்றதுக்கு மாறிப் பேச மாட்டேன்"னு ஒவ்வொருத்தனையும் கையால அடிச்சி அணைக்கச் சொன்னானாம். நீங்களும் அடிச்சிட்டீங்க. வக்கீலு வெச்சிருக்கான், ஆபீசு வெச்சிருக்கான், வெளிநாட்டுல ஆளு வெச்சிருக்கான். அத்தனையும் உட்டுட்டு எட்டணா கற்பூரத்த எடுத்தான் பாத்தியா? பேப்பர்ல எழுதி வாங்கினா நீங்க மீறிடுவீங்கன்னு அவனுக்குத் தெரியும். கற்பூரத்த அடிச்சா மீற மாட்டீங்கன்னும் தெரியும். நம்மள நம்மளவிட நல்லா தெரிஞ்சி வெச்சிருக்கான்.

அதனாலதான் நான் கேட்டதுக்கு நீ, "நான் சத்தியம் பண்ணிட்டேம்மா, நீதான கற்பூரத்த அடிச்சிட்டு மாறினா குடும்பம் வெளங்காதுன்னு சொல்லிக் குடுத்த"ன்ன. ஆமாண்டா, நான்தான் சொன்னேன். சின்ன வயசுல நீ பக்கத்து வூட்டு பம்பரத்த எடுத்துட்டு இல்லன்னப்ப, கற்பூரத்த காட்டித்தான் உன்ன மெரட்டினேன். நீ அழுதுக்கினே ட்ரவுசர் பாக்கெட்டுல இருந்து எடுத்துப் போட்ட. பெருமையா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன். இப்ப அதே வாயால நான் உன்ன மாறுன்னு சொல்லணும். சும்மா சொன்னா நீ கேக்க மாட்ட. அதனால உனக்கு ஒண்ணு சொல்றேன். உங்கப்பாவுக்குத் தெரியும், செத்துப்போன உங்க பெரியப்பாவுக்குத் தெரியும், வேற யாருக்கும் தெரியாது. இனிமே குரூப்புக்கே தெரியட்டும்.

உனக்கு அப்ப மூணு வயசு. நம்ம களத்துல உளுந்து அடிச்சிக்கினு இருந்தாங்க. உங்க பெரியப்பா புதுசா ட்ராக்டர் வாங்கின நேரம், ஓட்டத் தெரியுதோ இல்லியோ அத உட்டு எறங்க மாட்டாரு. காலனியில இருந்து கோவிந்தன் வேலைக்கி வந்திருந்தாரு. இவரு திரும்பிப் பாக்காம பின்னாடி எடுத்தாரு, கோவிந்தன் கால் மேல சக்கரம் ஏறிடுச்சி. நான் சாப்பாடு கொண்டாந்தவ, அடுப்புக் கல்லுகிட்ட நின்னுக்கினு பாத்தேன். மத்தவங்க கை கழுவப் போயிருந்தாங்க, என்னத் தவிர வேற யாரும் பாக்கல. பஞ்சாயத்து வெச்சாங்க. உங்க பெரியப்பா, "அவன் குடிச்சிட்டு வண்டிக்கு அடியில படுத்துக் கெடந்தான்"னாரு. கோவிந்தன் பொண்டாட்டி எல்லார் எதுருலயும் என்னக் கைகாட்டி, "அந்தம்மா சொல்லட்டும், அவங்க வெள்ளிக்கெழம தவறாத கோயிலுக்குப் போறவங்க, அவங்க கற்பூரத்த அடிச்சி சொன்னா நான் ஒத்துக்கறேன்"னுச்சி. என்ன நம்பிச்சி. அதப் புரிஞ்சிக்க. எங்க ஆளுங்கள நம்பல, என்ன நம்பிச்சி.

நான் அடிச்சேன். குடிச்சிட்டுதான் கெடந்தாருன்னு சொல்லி அடிச்சேன். பஞ்சாயத்து அதோட முடிஞ்சிடுச்சி. கோவிந்தன் சாவற வரைக்கும் கட்டையப் புடிச்சிக்கினுதான் நடந்தாரு. அதுக்கப்புறமும் அவரு பொண்டாட்டி நம்ம கொல்லைக்குத்தான் களை எடுக்க வந்துச்சி, போன வாரம் கூட வந்துச்சி, "அம்மா, தண்ணி குடும்மா"ன்னு வாங்கிக் குடிச்சிட்டுப் போச்சி.

நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? எனக்கு கண்ணு போவும், இல்ல உனக்கு எதாவது ஆவும்னு நெனச்சேன். ஒவ்வொரு நாளும் நீ தூங்கும்போது மூக்குகிட்ட கைய வெச்சிப் பாப்பேன். உனக்கு ஜொரம் வந்தா இதோ வந்துடுச்சின்னு ஒக்காந்துடுவேன். தீ மிதிச்சேன், அலகு குத்திக்கினேன், மயிலத்துக்கு முழங்கால் போட்டு ஏறினேன். ஒண்ணும் ஆவல தினேசு. மாடு நல்லா கறந்துச்சி. நீ பாஸ் பண்ண. மழ பெஞ்சிச்சி. ஊர்ல எல்லாரும் என்ன இன்னும் நல்லவன்னுதான் சொல்றாங்க. எனக்கு அதுதான்டா கோவம். சாமி கண்ணக் குத்தும்னு நம்பிக்கினுதான் அன்னிக்கி நான் பொய் சொன்னேன், குத்தினா குத்தட்டும் வாங்கிக்கறேன்னு. சாமி குத்தல. சாமியே பாத்துக்கட்டும்னு உட்டுட்டு நான் ஒக்காந்துட்டேன், அதுக்குள்ள கோவிந்தன் செத்தே போயிட்டாரு. அவருகிட்டயும் சொல்லல, அவரு பொண்டாட்டிகிட்டயும் சொல்லல. இந்த கடுதாசிய முடிச்சிட்டு சொல்லணும். எப்பிடின்னு தெரியல. ஆனா சொல்லணும்.

இப்ப உன் விஷயம். நானும் லூர்தும் போன திங்கக்கெழம விழுப்புரம் போனோம், கலெக்டர் ஆபீசுல மனு குடுக்க. அங்க இருந்த ஒருத்தரு மரியாதையா ஒக்கார வெச்சி கேட்டுக்கினாரு. மனுவ வாங்கி ரசீது குடுத்தாரு. "அம்மா, மேல அனுப்பறோம், ஆனா இது வெளிநாட்டுக் கப்பல் விஷயம், நீங்க ஒரு வக்கீலையும் பாருங்க"ன்னாரு. லூர்து போற சர்ச்சு பாதர் சொன்னாருன்னு ஒரு வக்கீலம்மாகிட்ட போனோம். சின்ன பொண்ணு, முப்பது வயசு இருக்கும், ஃபேனு கூட கொறச்சலாத்தான் சுத்திச்சி. "எந்த நாட்டுக் கப்பலும்மா?"ன்னுச்சி. நீ அனுப்பிச்ச காகிதத்தையெல்லாம் குடுத்தேன். அது ஒவ்வொண்ணா பாத்துட்டு சிரிச்சிச்சி, சந்தோஷத்துல இல்ல.

"கப்பலோட மொதலாளி ஒரு நாட்டுல இருக்கான். அவன் ஒரு கம்பெனி பேர்ல வெச்சிருக்கான், அது வேற நாடு. கப்பல நடத்தற ஆபீசு துபாய் பக்கம். ஆளு அனுப்பறவன் சென்னை. கப்பல் மேல பறக்கற கொடி இன்னொரு நாட்டோடது. கப்பலுக்குள்ள அந்தக் கொடி நாட்டு சட்டம்தான்."

"அந்தக் கொடி நாட்டுக்குப் போயி கேக்கலாமா?"ன்னேன்.

"கேக்கலாம். அந்த நாட்டுக்கு கடலே கெடையாதும்மா."

லூர்து என்னப் பாத்துச்சி, நான் லூர்தப் பாத்தேன். "கடல் இல்லாத ஊர்ல கப்பல எங்கம்மா வெச்சிருக்காங்க, மலை மேலயா?"ன்னேன்.

"வெச்சிருக்க மாட்டாங்க. கொடிய மட்டும் வாடகைக்கு உடறாங்க. இது சட்டத்துல செல்லுபடி ஆவுது."

"நல்லா ஆவுது"ன்னு லூர்து சொல்லுச்சி. "எங்க ஊட்டுக்காரரு மட்டும்தான் செல்லுபடி ஆவல."

லூர்து வாயில இருந்து அன்னிக்கி வந்த ஒரே கிண்டலு அதுதான். அப்புறம் வக்கீலம்மா வெவரமாவே சொல்லுச்சி. கப்பல்ல வேல செய்யறவங்களுக்குன்னு எல்லா நாடும் சேந்து ஒரு ஒப்பந்தம் போட்டிருக்காங்களாம், நம்ம நாடும் அதுல கையெழுத்து போட்டிருக்காம். ஆளு செத்தா, கை கால் போனா, குடும்பத்துக்கு நஷ்டஈடு குடுக்க இன்சூரன்சு எடுத்து, அந்தப் பத்திரத்த கப்பல் சுவத்துலயே எல்லாரும் பாக்கற எடத்துல ஒட்டி வெக்கணுமாம். ஒட்டியிருந்தாங்களா? நீ பாத்தியா? அத எனக்கு எழுது. கப்பல் நின்ன துறைமுகத்துக்காரங்களும் உள்ள ஏறி கேள்வி கேக்கலாமாம். "அப்ப சட்டம் இருக்குதில்ல"ன்னேன். "சட்டம் இருக்குதும்மா. கண்ணால பாத்தவன் சொன்னாத்தான் அது எழுந்து நிக்கும். பாத்த ஆளு ஒருத்தருதான். அவரு அந்த பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டா, எத்தன நாட்டு ஒப்பந்தம் இருந்தும் நான் எங்கயும் போவ முடியாது"ன்னுச்சி. பேப்பர்ல இருக்கற தினேஷ்குமார் என் புள்ளன்னு அதுக்குத் தெரியாது, நான் சொல்லல. லூர்துக்குத் தெரியும். லூர்து தல குனிஞ்சிக்கினு கொழந்தையோட செருப்பு வார சரி பண்ணிக்கினு இருந்துச்சி. என்னக் காட்டிக் குடுக்கல. பஸ்ல வரும்போதும் ஒரு வார்த்த கேக்கல, "உங்க புள்ள இன்னா பண்ணப் போறாரு"ன்னு. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். சண்ட போட்டிருக்கலாம். திண்டிவனத்துல எறங்கும்போது, "அம்மா, படி பாத்து எறங்குங்க, உங்களுக்கு முட்டி வலிக்கும்"னு என் கையப் புடிச்சிச்சி.

அன்னிக்கித்தான் எனக்கு உலகம் புரிஞ்ச மாதிரி இருந்துச்சி. நம்ம ஊரு பஞ்சாயத்துல யாரு பொய் சொன்னான்னு மூஞ்சியப் பாத்தாவது கண்டுபுடிக்கலாம். உங்க பெரியப்பா மூஞ்சி கருத்துத்தான் போயிருந்துச்சி, எல்லாரும் பாத்தாங்க, நான் அடிச்ச கற்பூரம்தான் அவர காப்பாத்திச்சி. இந்தக் கப்பல் கம்பெனிக்கு மூஞ்சியே கெடையாது. மொதலாளிய கேட்டா கம்பெனியன்றான், கம்பெனிய கேட்டா ஆபீசன்றான், ஆபீச கேட்டா கொடியன்றான், கொடிய கேட்டா கடலே இல்லன்றான். இத்தன நாடு சுத்தி கடைசியில யாரு தலையில வந்து உழுது பாரு. செத்தவன் தலையில. அவன் குடிச்சிருந்தான். கோவிந்தன் குடிச்சிருந்தாருன்னு சொன்ன அதே வார்த்த. நான் காசு வாங்காம இங்க சொன்னத, அவங்க இங்கிலீஷ்ல அச்சடிச்சி வெச்சிருக்காங்க. கூலிக்காரன் செத்தா, நொண்டியானா, அவன் குடிகாரன். எல்லா நாட்டுலயும் இதான் போல இருக்குது. நமக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க, அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியல.

உங்கப்பா சொல்றாரு, "கையெழுத்துதான, போட்டுட்டு பொழப்ப பாக்கட்டும், செத்தவன் திரும்பியா வரப்போறான்"னு. பெத்த தகப்பன், உன்ன நெனச்சித்தான் சொல்றாரு. ரெண்டு நாளா அவருக்கு நான் சோறு மட்டும்தான் போடறேன், பேச்சு இல்ல. நீ கையெழுத்து போடலன்னா கப்பல் ஏறும்போது காட்டற உன் புக்க ஏஜெண்டு திருப்பிக் குடுக்க மாட்டான், இந்தக் கப்பல் இல்ல, அடுத்த கப்பலும் இல்ல, வேற ஏஜெண்டுகிட்ட போனாலும் சொல்லி கெடுத்து வெப்பான். எனக்குத் தெரியும். கஷ்டம் இல்லன்னு நான் சொல்லல. நீ இங்க வந்து திரும்ப ஆரம்பிக்கணும், ஊர்ல நாலு பேரு சிரிப்பான். பொண்ணு பாத்துக்கினு இருக்கற எடமும் கை நழுவிப் போவும். வக்கீலம்மாகிட்ட கேட்டேன், புக்க புடிச்சி வெக்க அவனுக்கு உரிமை கெடையாதாம், அதுக்கும் தனியா புகார் குடுக்கலாமாம். ஆனா நாளாவும். பேஜாருதான். போட்டுட்டா உனக்கு ஒண்ணும் ஆவாது, அதையும் சொல்லிடறேன். எனக்கு ஆவலியே. நீ கப்பல் ஏறுவ, நல்லாத்தான் இருப்ப, கல்யாணம் ஆவும், உன் புள்ள தூங்கும்போது மூக்குகிட்ட கைய வெச்சிப் பாத்துக்கினு இருப்ப. அவ்ளோதான்.

இன்னொண்ணு. நீயும் சகாயமும் மொத தடவ கப்பலுக்கு கெளம்பறதுக்கு முன்ன ஒரு நாளு நம்ம வூட்டுக்கு வந்தான். கேப்பக் களியும் கருவாட்டுக் கொழம்பும் போட்டேன். உனக்கு எவர்சில்வர் தட்டு, அவனுக்கு பேப்பர் தட்டு. நான் யோசிச்சிகூட வெக்கல, கை தானா எடுத்துச்சி. அவன் சிரிச்சிக்கினே ஒக்காந்தான். நீ உன் தட்ட தள்ளி வெச்சிட்டு, "எனக்கும் அதே குடும்மா, தட்டு கழுவற வேல மிச்சம்"ன்ன. எனக்கு சுருக்குன்னுச்சி, கோவம் கூட வந்துச்சி, வந்தவன் எதுர்ல என்ன அவமானப்படுத்திட்டன்னு. கொழம்பு ஊறி பேப்பர் தட்டு ரெண்டும் கிழிஞ்சி, ரெண்டு பேரும் சிரிச்சி சிரிச்சி சாப்டீங்க. அன்னிக்கி தட்ட தள்ளி வெச்ச அந்தப் புள்ளைக்குத்தான் இந்த கடுதாசி. கோடு போட்ட எடத்துல பேரு எழுதப் போறவன் யாருன்னே எனக்குத் தெரியல.

கற்பூரத்துக்கு பயப்படாத. நேத்து மயிலத்துக்குப் போனேன். முழங்கால் போடல, இனிமே போட மாட்டேன். நின்னுக்கினேதான் முருகன்கிட்ட பேசினேன். "என் புள்ள பண்ண சத்தியம் ஒரு திருடன் வாங்கின சத்தியம், அது உன்ன சாட்சி வெச்சி உன் காலடியிலயே பண்ணது, உனக்கு ரோஷம் இருந்தா அத நீ எடுத்துக்க, இல்லன்னா என் தலையில போடு, எம்மேல ஏற்கெனவே ஒண்ணு கெடக்குது, இன்னொண்ணும் கெடக்கட்டும்"னு சத்தமாவே சொல்லிட்டேன். அய்யரு திரும்பிப் பாத்து, "யாரும்மா, யாருகிட்ட சண்ட போடற?"ன்னாரு. "எங்களுக்குள்ள சாமி, நீங்க அர்ச்சனைய பாருங்க"ன்னேன். அதனால அந்தக் கணக்கு இப்ப எனக்கும் அவனுக்கும். உனக்கு இல்ல.

நீ செய்ய வேண்டியது இதுதான். கையெழுத்து போடாத. நடந்தத நடந்த மாதிரி உன் கையால தமிழ்ல எழுது, அந்த ஆபீசரு பேரு, மிஷினு எப்ப கெட்டுச்சி, யாருகிட்ட சொன்னீங்க, எத்தனாவது படியில அவன் கை உட்டுச்சி, எல்லாம். எழுதி விழுப்புரத்துக்கு எடுத்துக்கினு வா. வக்கீலம்மா அத கொடி நாட்டுக்கும் அனுப்பும், இன்சூரன்சுக்கும் அனுப்பும், கப்பல் நின்ன ஊருக்கும் அனுப்பும். கடல் இருந்தா இன்னா இல்லாட்டி இன்னா, தபால் போவுமில்ல. நான் உன் கூட வரேன். லூர்து முன்னாடி நீ ஒக்காந்து எழுதணும், அவ்ளோதான் நான் கேக்கறது.

இதெழுதி முடிச்சிட்டு, ஒரு வரியும் உட்டுடக் கூடாதுன்னு கௌசல்யாவ கூப்ட்டு அந்த பேப்பர இன்னொரு தடவ படிக்கச் சொன்னேன். கடைசி வரிய மொத தடவ நான் சரியா காதுல வாங்கல போல இருக்குது. அன்னிக்கி சாயங்காலமே கம்பெனியில இருந்து, பதிவுல இருக்கற நம்பருக்கு போன் பண்ணி குடும்பத்துக்கு சேதி சொன்னாங்களாம். குடும்பத்துக்காரங்க, ஆமா அவரு குடிக்கறவருதான், எங்களுக்கு யார் மேலயும் புகார் இல்லன்னு ஒத்துக்கினாங்களாம். நான் "லூர்து அப்பிடிச் சொல்லவே சொல்லாது"ன்னு கத்திக்கினு இருந்தேன். இரு. இப்பத்தான் ஞாபகம் வருது. நீயும் சகாயமும் கப்பல் வேலைக்கு ஃபாரம் எழுதின அன்னிக்கி நானும் திண்டிவனத்துல உங்க கூட இருந்தேன், கண்ணாடி வாங்க வந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்ல ஜெராக்ஸ் கடையில நின்னுக்கினுதான் எழுதினீங்க. லூர்து போனு கெணத்துல உழுந்து போயி அவங்க வூட்டுல அப்ப நம்பரே கெடையாது. சகாயம் முழிச்சிக்கினு நின்னான், நான்தான் சொன்னேன், நீ அவன் ஃபாரத்துல எழுதின. குடும்பத்துக்காரங்க நம்பர்னு அதுல இருக்கறது என் நம்பரு. மூணு நாளு கழிச்சி நீ பண்ண வரைக்கும் அந்த நம்பர்ல எனக்கு ஒரு போனும் வரல.